பழைய பிஎஸ்4-க்கு இணையம்: பரணில் கிடக்கும் ரவுட்டரே போதும்

செகண்ட் ஹேண்டில் பிஎஸ்4 (சோனியின் பிளேஸ்டேஷன் 4 கேம் கன்சோல்) வாங்கியவர்கள் எல்லாரும் முதல் வாரத்திலேயே கேட்பது ஒரே கேள்விதான். போனில் நெட் நன்றாக இருக்கிறது, டிவியில் படம் தடையில்லாமல் ஓடுகிறது, கன்சோலில் மட்டும் ஏன் இப்படி இழுக்கிறது? கடையில் போய்க் கேட்டால் "மெஷ் போடுங்க சார், ஏழாயிரம் எட்டாயிரம் ஆகும்" என்கிறார்கள், அதாவது வீடு முழுக்க வைஃபையைப் பரப்பும் பெட்டிகளின் தொகுப்பு. தெரிந்தவர்களைக் கேட்டால் "பிளானை மாத்து, 300 எம்பிபிஎஸ் போடு" என்கிறார்கள். இரண்டும் வேண்டாம் என்பதுதான் என் கருத்து. காசு சேர்த்துப் பழைய கன்சோல் ஒன்றை வாங்கியவரிடம், அதில் பாதிக் காசை இணையத்துக்கே கொட்டச் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. கொஞ்சம் லேன் கேபிள் (ரவுட்டரிலிருந்து இணையத்தை ஒயர் வழியாகக் கொண்டுபோவது), அதற்கு வழியில்லை என்றால் வீட்டில் சும்மா கிடக்கும் ஒரு பழைய ரவுட்டர், இவ்வளவுதான் தேவை. எப்படிச் செய்வது, ஏன் அது வேலை செய்கிறது என்று கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் காரணம் தெரிந்துவிட்டால் அப்புறம் யாரும் உங்களிடம் தேவையில்லாத சாமானை விற்க முடியாது.

மதுரையில் எங்கள் வீடு பழைய வீடு, ரயில் பெட்டி மாதிரி நீளமானது. ஃபைபர் லைன் தெருப்பக்க ஜன்னல் வழியாக வந்து முன் ஹாலிலேயே முடிகிறது. பெரும்பாலான வீடுகளில் இதே கதைதான், ஒயரை எங்கே நுழைப்பது சுலபமோ அங்கேயே பெட்டியை மாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள், அந்த இடத்திலிருந்து வீட்டின் மறுகோடிக்கு சிக்னல் போகுமா என்று யாரும் யோசிப்பதில்லை. டிவியும் கன்சோலும் இருப்பது பின் ரூமில். நடுவில் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர்கள், அதில் ஒன்றை ஒட்டி ஸ்டீல் பீரோ. சுவரைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், பீரோவை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. இரும்புத் தகட்டுக்குள் வைஃபை அலை புகாது, பட்டுத் திரும்பிவிடும். ரவுட்டருக்கும் கன்சோலுக்கும் நடுவில் ஒரு நேர்கோடு போட்டுப் பாருங்கள், அதில் பீரோவோ ஃப்ரிட்ஜோ பெரிய நிலைக்கண்ணாடியோ நின்றால், அதை ஓர் அடி நகர்த்தினாலே வித்தியாசம் தெரிய வாய்ப்புண்டு. இதற்குச் செலவே கிடையாது, ஆகவே முதலில் இதைச் செய்யுங்கள்.

அடுத்தது கன்சோல். 2013-ல் வந்த முதல் பிஎஸ்4, எல்லாரும் ஃபேட் என்று சொல்வது, 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபையை மட்டும்தான் பிடிக்கும். வீட்டு வைஃபை பெரும்பாலும் ஓடும் இரண்டு அலைவரிசைகளில் ஒன்று அது, மற்றது 5 ஜிகாஹெர்ட்ஸ். உங்கள் ரவுட்டர் 5 ஜிகாஹெர்ட்ஸில் எவ்வளவு வேகம் கொடுத்தாலும் அதற்குப் பிரயோஜனம் இல்லை, அந்த 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபையின் பெயரே கன்சோலின் பட்டியலில் வராது. அடியிலோ பின்பக்கமோ இருக்கும் ஸ்டிக்கரில் மாடல் எண் சியுஹெச் (CUH)-10, சியுஹெச்-11, சியுஹெச்-12 என்று தொடங்கினால் உங்களிடம் இருப்பது இந்த ரகம். 2016-ல் வந்த ஸ்லிம், புரோ இரண்டும் 5 ஜிகாஹெர்ட்ஸையும் பிடிக்கும். போனில் ஸ்பீட் டெஸ்ட் போட்டு 100 எம்பிபிஎஸ் வருகிறதே என்று ஏமாறுவது இங்கேதான். போன் 5-ல் இருக்கிறது, கன்சோல் 2.4-ல் இருக்கிறது, இரண்டும் ஒரே வீட்டில் ஒரே பிளானில் இருந்தாலும் போகிற பாதை வேறு.

அந்த 2.4 பாதையில் இருக்கும் நெரிசல் கொஞ்சநஞ்சமல்ல. பக்கத்து வீடு, எதிர் வீடு, மாடி வீடு, எல்லாருடைய ரவுட்டரும் அதில்தான் கத்திக்கொண்டிருக்கிறது. மைக்ரோவேவ் அடுப்பு ஓடும்போது கசிவது அதே அலைவரிசை. புளூடூத் ஸ்பீக்கர் அதே அலைவரிசை. இதைவிட முக்கியமானது, பிஎஸ்4-இன் கன்ட்ரோலரே புளூடூத்தில்தான் பேசுகிறது, அதாவது கன்சோலின் பெட்டிக்குள்ளேயே வைஃபையும் கன்ட்ரோலரும் ஒரே அலைவரிசையில் பக்கம் பக்கமாக உட்கார்ந்திருக்கின்றன. வைஃபையில் பெரிய டவுன்லோட் ஓடும்போது சிலருக்குக் கன்ட்ரோலர் கொஞ்சம் தாமதமாகக் கேட்பதாகத் தோன்றும், அது வெறும் பிரமை என்று சொல்லிவிட முடியாது. கேபிளுக்கு மாறினால் அந்த நெருக்கடியில் பாதி அங்கேயே ஒழிந்துவிடுகிறது.

2.4 அலைவரிசைக்குள் சேனல் என்று சின்னச் சின்னத் தடங்கள் உண்டு, அவற்றில் ஒன்றோடொன்று மோதாதவை மூன்றே மூன்று, 1, 6, 11. போனில் ஏதாவது ஒரு இலவச வைஃபை அனலைசர் ஆப் போட்டுப் பார்த்தால் தெருவில் யார் எந்தச் சேனலில் இருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். இந்த மூன்றில் எதில் கூட்டம் குறைவோ அதை ரவுட்டர் செட்டிங்கில் நிலையாக வைத்துவிடுங்கள். 3, 4, 8 என்று நடுவில் வைத்தால் இரண்டு பக்கத்து ஆட்களின் இரைச்சலும் உங்கள் தலையில்தான் விழும். சேனல் அகலம் என்று ஒன்று இருக்கும், அதை 20 மெகாஹெர்ட்ஸில் வைப்பதே நெரிசலான தெருவுக்கு நல்லது. 40 என்றால் எண்ணிக்கையில் வேகம் கூடும், நிஜத்தில் அக்கம்பக்கத்தாரோடு மோதல்தான் கூடும். இதுவும் செலவில்லாத வேலை.

வேகமான பிளான் போடச் சொல்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஆன்லைனில் ஆடும்போது கேம் இழுக்கும் டேட்டா மிகக் குறைவு, ஒரு மணி நேரத்துக்குச் சில நூறு எம்பிக்குள் அடங்கிவிடும், யூடியூபில் ஒரு படம் பார்ப்பதைவிடக் குறைவு. அதற்குத் தேவை அகலமான பாதை இல்லை, தடங்கல் இல்லாத பாதை. வைஃபையில் ஒரு பாக்கெட், அதாவது டேட்டாவின் ஒரு சின்னத் துண்டு, இரைச்சலில் தொலைந்தால் ரவுட்டர் அதை மறுபடி அனுப்பும், மறுபடி தொலைந்தால் மறுபடி, இந்த இடைவெளியில்தான் எதிராளி நின்ற இடத்திலிருந்து திடீரென்று நாலடி தள்ளித் தோன்றுகிறான், நீங்கள் சுட்டது எல்லாம் காற்றில் போகிறது. 300 எம்பிபிஎஸ் பிளான் போட்டாலும் இந்த மறு அனுப்புதல் அப்படியேதான் இருக்கும், ஏனென்றால் சிக்கல் ஹாலுக்கும் பின் ரூமுக்கும் நடுவில் இருக்கிறது, தெருவுக்கும் ஹாலுக்கும் நடுவில் இல்லை. டவுன்லோட் விஷயத்தில் வேகம் முக்கியம்தான், ஆனால் அங்கேயும் பாருங்கள், 50 ஜிபி கேம் ஒன்று 40 எம்பிபிஎஸ் முழுதாகக் கிடைத்தால் மூன்று மணி நேரத்துக்குள் இறங்கிவிடும். பலவீனமான வைஃபையில் 5 எம்பிபிஎஸ்தான் வருகிறது என்றால் அதே கேமுக்கு இருபத்திரண்டு மணி நேரம். ஆக, இருக்கும் 40-ஐக் கன்சோல் வரை ஒழுங்காகக் கொண்டுபோனாலே போதும்.

சரி, எதை வாங்கக் கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். முன்னூறு ரூபாய்க்கு வரும் யுஎஸ்பி வைஃபை டாங்கிள். இது கம்ப்யூட்டருக்கானது, அதற்கென்று டிரைவர் என்ற மென்பொருள் வேண்டும், பிஎஸ்4-லோ எக்ஸ்பாக்ஸிலோ அந்த டிரைவர் கிடையாது, நீங்கள் போடவும் முடியாது. துளையில் செருகினால் விளக்கு எரியும், அவ்வளவுதான். அடுத்தது பவர்லைன் அடாப்டர், கரண்ட் ஒயர் வழியாகவே இணையத்தை அனுப்பும் ஜோடிப் பெட்டிகள். யோசனை அழகானதுதான், ஆனால் நம் வீடுகளில் த்ரீ ஃபேஸ் இருந்தால் ஹால் ஒரு ஃபேஸிலும் பின் ரூம் இன்னொரு ஃபேஸிலும் இருக்கலாம், அப்போது சிக்னல் தாண்டுவது கஷ்டம். இன்வெர்ட்டர் லைன் தனியாக ஓடும் வீடுகளில் இன்னும் குழப்பம். நல்ல விலை கொடுத்து வாங்கிய பிறகுதான் உங்கள் வீட்டில் ஓடுமா என்று தெரியும் என்றால் அந்தச் சூதாட்டம் எதற்கு? மெஷ் நல்ல சாமான்தான், வீடு முழுக்க, மாடி உட்பட, எல்லாருக்கும் வைஃபை வேண்டும் என்றால் வாங்கலாம். ஒரு கன்சோலுக்காக வாங்குவது வீண்.

முடிந்தால் கேபிள் இழுத்துவிடுங்கள். அதற்கு மேல் எதுவும் இல்லை. லேன் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும், எந்த வீட்டிலும் அவ்வளவு தூரம் கிடையாது. கேட்5இ என்ற தரம் போதும், கேட்6 விலை பெரிதாக வித்தியாசம் இல்லாததால் அதையே வாங்கலாம். சென்னைக்காரர்களுக்கு எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட் இருக்கிறது, மற்ற ஊர்களில் சிசிடிவி கேமரா மாட்டும் கடைகளில் மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுப்பார்கள், இருபத்தைந்து மீட்டரும் இரண்டு கனெக்டரும் எல்லாம் சேர்த்தே ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். வாங்கும்போது ஒன்றைக் கேளுங்கள்: முழுச் செம்பா, சிசிஏவா? சிசிஏ என்றால் உள்ளே அலுமினியம், மேலே செம்புப் பூச்சு. விலை குறைவு, ஆனால் நாலு முறை வளைத்தால் உடைந்துவிடும், நீளம் கூடக் கூட சிக்னலும் சோர்ந்துபோகும். கடைக்காரர் முன்னாலேயே ஒரு இழையின் நுனியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியம், வேறு கேளுங்கள்.

கேபிளை எப்படிக் கொண்டுபோவது என்பதில்தான் பலர் பின்வாங்குகிறார்கள், சுவரைத் துளைக்க வேண்டுமே, வாடகை வீடாயிற்றே என்று. சுற்றிப் பாருங்கள், பெரும்பாலான வீடுகளில் கேபிள் டிவிக்கென்று எப்போதோ போட்ட ஓட்டை ஒன்று ஜன்னல் சட்டத்திலோ வென்டிலேட்டர் பக்கத்திலோ இருக்கும், பழைய கறுப்புக் கோஆக்சியல் ஒயர் இன்னும் அதில் தொங்கிக்கொண்டிருக்கும். அந்த ஒயரின் ஒரு முனையில் லேன் கேபிளை இன்சுலேஷன் டேப்பால் இறுக்கிச் சுற்றி மறுமுனையிலிருந்து மெதுவாக இழுத்தால், பழையது வெளியே வரும், புதியது உள்ளே போகும். நுனியில் கனெக்டர் மாட்டாமல் இழுக்க வேண்டும், மாட்டிவிட்டால் ஓட்டையில் சிக்கும். வாசல்படி வழியாகப் போகிறது என்றால் கதவின் மேல் சட்டத்தோடு கிளிப் அடித்துக் கொண்டுபோகலாம், தரையில் காலில் இடறுகிற மாதிரி விடக்கூடாது. கரண்ட் ஒயர் போகும் அதே பைப்பில் இதையும் திணிக்க வேண்டாம், அது ஆபத்து, இரைச்சலும் ஏறும். மொட்டை மாடி வழியாக வெளியே கொண்டுபோவதாக இருந்தால் வெயிலைத் தாங்கும் கறுப்பு உறை போட்ட அவுட்டோர் கேபிளே வாங்குங்கள். சாதாரண சாம்பல் நிறக் கேபிளின் உறை நம் ஊர் வெயிலில் வெடித்துவிடும், மிச்சத்தை அணில் பார்த்துக்கொள்ளும்.

கனெக்டர் மாட்டுவது கஷ்டமே இல்லை, கடையிலேயே மாட்டித் தரச் சொல்லலாம், ஆனால் ஓட்டை வழியாக இழுத்த பிறகு ஒரு முனையையாவது வீட்டில்தான் மாட்ட வேண்டும். உறையை ஓர் அங்குலத்துக்குச் சீவினால் உள்ளே நான்கு ஜோடி முறுக்கு ஒயர்கள். முறுக்கைப் பிரித்து, விரலால் நீவி நேராக்கி, இந்த வரிசையில் அடுக்க வேண்டும்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். பச்சை ஜோடியின் நடுவில் நீல ஜோடி புகுந்திருப்பதைக் கவனியுங்கள். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று பச்சையையும் வெள்ளை-பச்சையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டால், இரண்டு முனையிலும் அப்படியே வைத்திருந்தால், விளக்கு எரியும், இணையமும் வரும், ஆனால் தூரம் போகப் போகப் பிழைகள் கூடி வேகம் ஏறி இறங்கும், எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்கவே முடியாது. எட்டு இழையையும் ஒரே நேராக வெட்டி, கனெக்டரின் கிளிப் கீழ்ப்பக்கம் இருக்க, வெள்ளை-ஆரஞ்சு இடது ஓரத்தில் வருகிற மாதிரி உள்ளே தள்ளுங்கள். முன் முனையில் எட்டுச் செம்புப் புள்ளிகளும் கண்ணுக்குத் தெரிகிற வரை தள்ள வேண்டும். வெளி உறையும் கனெக்டருக்குள் கொஞ்சம் போயிருக்க வேண்டும், இல்லாவிட்டால் இழுக்கும்போது இழைகள்தான் பாரத்தைத் தாங்கும். அப்புறம் கனெக்டரை நசுக்கிப் பிடிக்கும் கிரிம்பர் என்ற கருவியால் ஓர் அழுத்து.

கேபிளுக்கு வழியே இல்லாத வீடுகளும் உண்டு. அங்கேதான் பழைய ரவுட்டர் வருகிறது. இது புதிய தந்திரம் இல்லை, இருபது வருடப் பழக்கம் என்றே சொல்லலாம். 2005-ல் எக்ஸ்பாக்ஸ் 360 வந்தபோது அதில் வைஃபையே கிடையாது, லேன் துளை மட்டும்தான். வைஃபை வேண்டுமென்றால் மைக்ரோசாஃப்ட் தனியாக விற்ற அடாப்டரை வாங்க வேண்டும், அமெரிக்காவில் அதன் விலை 99.99 டாலர், கன்சோலின் குறைந்த விலை மாடலே 299.99 டாலர்தான் என்னும்போது! கன்சோல் விலையில் மூன்றில் ஒரு பங்கு, வெறும் ஆன்டெனாவுக்கு. அதற்கு அங்கிருந்தவர்கள் கண்டுபிடித்த பதில் லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி என்ற சாதாரண ரவுட்டர். அதன் மென்பொருள் லினக்ஸில் எழுதப்பட்டது, மூல நிரலும் வெளியே வந்திருந்தது, அதை வைத்து டிடி-டபிள்யூஆர்டி என்ற இலவச மென்பொருள் உருவாயிற்று, அதைப் போட்டால் ரவுட்டரை 'கிளையன்ட் பிரிட்ஜ்' ஆக மாற்றலாம். அதாவது ரவுட்டர் வைஃபை கொடுப்பதற்குப் பதிலாக, வீட்டில் இருக்கும் வைஃபையை வாங்கித் தன் லேன் துளை வழியாகக் கொடுக்கும். கன்சோலுக்கோ தான் கேபிளில் இருப்பதாகத்தான் தெரியும். 2010-ல் வந்த எக்ஸ்பாக்ஸ் 360 எஸ் மாடலில்தான் வைஃபை உள்ளேயே வந்தது. இன்றைக்கும் பழைய 360 வைத்திருப்பவர்கள் இதே வழியில் இணைக்கலாம், அதன் ஆன்லைன் கடை 2024 ஜூலையில் மூடப்பட்டுவிட்டது, புதிதாக எதையும் வாங்க முடியாது, ஆனால் ஏற்கெனவே வாங்கியதை மறுபடி இறக்கிக்கொள்ளலாம்.

இப்போது இதற்கு டிடி-டபிள்யூஆர்டி எல்லாம் பெரும்பாலும் தேவையில்லை. டிபி-லிங்க் டிஎல்-டபிள்யூஆர்841என் போன்ற, நம் ஊரில் பாதி வீடுகளில் கிடக்கும் ரவுட்டர்களின் புதிய பதிப்புகளில் 'ரேஞ்ச் எக்ஸ்டெண்டர்' என்று ஒரு மோட் மெனுவிலேயே இருக்கிறது. டெண்டா என்301-ல் அதற்கு 'யுனிவர்சல் ரிப்பீட்டர்' என்று பெயர். பரணில் தேடினால் உங்களுக்கும் கிடைக்கும், இல்லாவிட்டால் ஃபைபருக்கு மாறிய உறவினர் வீட்டில் நிச்சயம் ஒன்று இருக்கும், கேட்டால் கொடுத்துவிடுவார்கள். புதிதாக வாங்கினாலும் ஆயிரம், ஆயிரத்து இருநூறுதான். சுவர் பிளக்கில் நேரடியாகச் செருகும் எக்ஸ்டெண்டர் வாங்குவதானால் அதில் லேன் துளை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், டிஎல்-டபிள்யூஏ850ஆர்இ-யில் இருக்கிறது, எல்லாவற்றிலும் இருக்காது.

ரிப்பீட்டர் என்றாலே வேகம் பாதியாகிவிடுமே என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல கேள்வி. ஒரே ரேடியோ வைத்திருக்கும் ரிப்பீட்டர், வாங்கியதை அதே அலைவரிசையில் மறுபடி காற்றில் விட வேண்டியிருக்கிறது, வாங்கும்போது விட முடியாது, விடும்போது வாங்க முடியாது, அதனால்தான் பாதி. ஆனால் நாம் கன்சோலை லேன் துளையில் செருகுகிறோம். வாங்கியது கேபிளில் போய்விடுகிறது, காற்றில் மறுபடி விடும் வேலையே இல்லை. ஆகவே அந்தப் பாதிக் கணக்கு இங்கே பொருந்தாது. கூடவே, ரவுட்டரின் ஆன்டெனா வெளியே நிமிர்ந்து நிற்கிறது, கன்சோலின் ஆன்டெனா பெட்டிக்குள் புதைந்து, அந்தப் பெட்டி டிவி ஸ்டாண்டுக்குள் புதைந்து, அதன் பின்னால் சுவர். இதைவிடப் பெரிய லாபம் என்னவென்றால், கன்சோல் இருக்கும் இடத்தில்தான் சிக்னலைப் பிடித்தாக வேண்டும் என்ற கட்டாயம் போய்விடுகிறது. ஐந்து, பத்து மீட்டர் கேபிள் போட்டால் பழைய ரவுட்டரை வாசல்படிக்கு மேலே, ஹாலிலிருக்கும் ரவுட்டரின் பார்வை படுகிற இடத்தில் ஆணி அடித்து மாட்டலாம், கன்சோல் அதன் மூலையிலேயே இருக்கட்டும். எங்கள் வீட்டில் பின் ரூம் நிலைக்கு மேல்தான் அது தொங்குகிறது, அங்கிருந்து பார்த்தால் கதவுகள் வழியாக முன் ஹால் வரை நேர்பார்வை.

செட்டிங்கை ஒருமுறை சரியாகப் போட்டுவிட்டால் அப்புறம் தொடவே வேண்டாம். பழைய ரவுட்டரின் ரீசெட் துளையில் குண்டூசியைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து எல்லாவற்றையும் அழியுங்கள். லேப்டாப்பைக் கேபிளில் மாட்டி 192.168.0.1 திறந்து (மாடலுக்கு மாடல் மாறும், அடியில் ஸ்டிக்கரில் இருக்கும்) ஆபரேஷன் மோடில் ரேஞ்ச் எக்ஸ்டெண்டரைத் தேர்ந்தெடுத்தால், சுற்றியிருக்கும் வைஃபைப் பெயர்களைக் காட்டும், உங்களுடையதைத் தேர்ந்து பாஸ்வேர்டு கொடுங்கள். பழைய பதிப்புகளில் இந்த மோட் இருக்காது, வயர்லெஸ் செட்டிங்ஸுக்குள் 'டபிள்யூடிஎஸ் பிரிட்ஜிங்' என்று ஒரு டிக் மட்டும் இருக்கும். அதைப் போட்டால் இன்னும் மூன்று வேலை இருக்கிறது. மெயின் ரவுட்டர் 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2 என்று ஐபி (நெட்வொர்க்கில் அதன் முகவரி) கொடுக்க வேண்டும், இதன் டிஹெச்சிபியை (மற்ற சாதனங்களுக்குத் தானாக ஐபி கொடுக்கும் வசதி) அணைத்துவிட வேண்டும், இரண்டும் ஒரே சேனலில் இருக்க வேண்டும். மெயின் ரவுட்டரில் சேனல் 'ஆட்டோ'வில் இருந்தால் அது ஒருநாள் தானாக மாறும், அன்றைக்கு உங்கள் கன்சோலுக்கு இணையம் போய்விடும், மேலே சொன்ன மாதிரி நிலையாக வைப்பதற்கு இது இன்னொரு காரணம். மெனுவில் 'டபிள்யூஐஎஸ்பி' என்றும் ஒன்று இருக்கும், அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அதிலும் இணையம் வரும், ஆனால் ரவுட்டருக்குப் பின்னால் இன்னொரு ரவுட்டர் என்று ஆகிவிடும், நண்பர்களோடு ஆடும்போதும் குரலில் பேசும்போதும் தகராறு செய்யும்.

பாதுகாப்பு செட்டிங்கில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. மெயின் ரவுட்டரின் வைஃபை செக்யூரிட்டியில் டபிள்யூபிஏ2, குறியாக்கம் ஏஇஎஸ் என்று இருக்க வேண்டும். டிகேஐபி என்ற பழைய குறியாக்கம் இருந்தால், ரவுட்டர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இணைப்பு 54 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது, 802.11என் என்ற வைஃபை விதிமுறையே அப்படி, பழைய குறியாக்கத்தோடு புதிய வேகத்தைக் கொடுக்கக் கூடாது என்று. மறுபக்கம், டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்தால் பழைய ரவுட்டரும் ஃபேட் பிஎஸ்4-உம் உள்ளே வரவே முடியாது. பழைய ரவுட்டருக்கு அடாப்டர் தொலைந்துபோயிருந்தால் கையில் கிடைத்ததைச் செருகிவிடாதீர்கள். 841என் 9 வோல்ட்டில் ஓடுவது, ஃபைபர் பெட்டிகள் பெரும்பாலும் 12 வோல்ட், செருகும் முனை மட்டும் ஒரே மாதிரி பொருந்தும். ஸ்டிக்கரைப் படித்து அதே வோல்ட் வாங்குங்கள், நூறு இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும்.

சிலர் வீட்டில் இருப்பது ரவுட்டர் இல்லை, பழைய பிராட்பேண்ட் காலத்து ஏடிஎஸ்எல் மோடம், டெலிபோன் ஒயர் செருகும் சின்னத் துளையோடு. அதைத் தூக்கிப்போட வேண்டாம். அதில் பெரும்பாலும் வைஃபையை வாங்கும் வசதி இருக்காது, ஆனால் பின் ரூம் வரை கேபிள் இழுத்துவிட்டீர்கள் என்றால் அங்கே அதைப் பிரிப்பானாக வைக்கலாம். டிஹெச்சிபியை அணைத்து, ஐபியை மாற்றி, கேபிளை அதன் லேன் துளை ஒன்றில் செருகினால், மற்ற துளைகளில் கன்சோல், டிவி, லேப்டாப் எல்லாம் மாட்டலாம், பின் ரூமுக்கு வைஃபையும் அதுவே கொடுக்கும்.

உடனே இன்று ராத்திரியே ஆடியாக வேண்டும் என்றால் லேப்டாப் போதும். விண்டோஸில் கன்ட்ரோல் பேனல், நெட்வொர்க் கனெக்‌ஷன்ஸ், வைஃபையின் பிராபர்ட்டீஸ், ஷேரிங், அங்கே இன்னொருவர் இந்த இணைப்பைப் பயன்படுத்தலாம் என்ற டிக். லேப்டாப்பின் லேன் துளைக்கும் கன்சோலுக்கும் ஒரு கேபிள், முடிந்தது. கன்சோலுக்கு 192.168.137 என்று தொடங்கும் ஐபி வந்தால் சரியாக வேலை செய்கிறது என்று அர்த்தம். லேப்டாப் விழித்தே இருக்க வேண்டும் என்பதால் நிரந்தரத் தீர்வு ஆகாது. போன் ஹாட்ஸ்பாட்டும் ஆடுவதற்குப் பரவாயில்லை, ஒரு நாளைக்கு 2 ஜிபி பேக்கில்கூட நாலு மேட்ச் ஆடலாம், கேம் அப்டேட் மட்டும் ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஒரே அப்டேட்டில் பத்து இருபது ஜிபி போய்விடும்.

எல்லாம் மாட்டிய பிறகு கன்சோலில் செட்டிங்ஸ், நெட்வொர்க், செட் அப் இன்டர்நெட் கனெக்‌ஷன், அதில் லேன் கேபிள், ஈஸி. டெஸ்ட் ஓட்டினால் கடைசியில் நேட் டைப் என்று ஒரு வரி வரும், கன்சோல் வெளியுலகத்தோடு எவ்வளவு தடையில்லாமல் பேச முடிகிறது என்பதைச் சொல்வது அது. 2 என்றால் நிம்மதி. 3 என்று வந்தால் மெயின் ரவுட்டரில் யுபிஎன்பியை (கன்சோலுக்கு வேண்டிய போர்ட்டை, அதாவது வெளியிலிருந்து டேட்டா வரும் வாசலை, தானாகத் திறக்கும் வசதி) ஆன் செய்து பாருங்கள். அப்படியும் மாறவில்லை என்றால் மெயின் ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வான் ஐபியை, அதாவது இணையக் கம்பெனி ரவுட்டருக்குக் கொடுத்த முகவரியைப் பாருங்கள், 100.64-இலிருந்து 100.127-க்குள் ஏதாவது எண்ணில் தொடங்கினால் உங்கள் கம்பெனி பல வீடுகளை ஒரே பொது ஐபிக்குப் பின்னால் வைத்திருக்கிறது, நீங்கள் ரவுட்டரில் எந்தப் போர்ட்டைத் திறந்தாலும் பலன் இல்லை. தனி ஐபி கேட்டால் மாதாமாதம் கூடுதலாகக் கேட்பார்கள். சர்வரில் ஓடும் கேம்களை ஆடுபவருக்கு அது தேவையே இல்லை, வீட்டிலிருந்து வீட்டுக்கு நேராக இணைக்கும் கேம்களை நண்பர்களோடு ஆடுபவர்கள் மட்டும் யோசிக்கலாம்.

புதுக் கன்சோல்காரர்களுக்குச் சொல்ல அதிகம் இல்லை. பிஎஸ்5-ல் வைஃபை 6 இருக்கிறது, எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எஸ், எக்ஸ் இரண்டிலும் 5 ஜிகாஹெர்ட்ஸ் உண்டு, ரவுட்டர் இருக்கும் அறையிலேயே வைத்தால் கேபிள்கூட வேண்டாம், இரண்டு சுவர் தாண்டினால் மேலே எழுதியது எல்லாம் இவற்றுக்கும் பொருந்தும். நின்டெண்டோ ஸ்விட்ச் வைத்திருப்பவர்கள் ஒன்றை மட்டும் பார்க்க வேண்டும். 2021-ல் வந்த ஓஎல்இடி மாடலின் டாக்கில் (கன்சோலை டிவியோடு இணைக்கும் ஸ்டாண்டு) லேன் துளை இருக்கிறது, அதற்கு முந்தைய டாக்கில் கிடையாது, யுஎஸ்பி லேன் அடாப்டர் ஒன்று வாங்கிச் செருக வேண்டும். இது கேபிள் அடாப்டர், மேலே நான் வேண்டாம் என்ற வைஃபை டாங்கிள் இல்லை. எல்லா அடாப்டரும் அதில் ஓடாது, ஸ்விட்சில் ஓடும் என்று பெட்டியிலேயே அச்சடித்திருப்பதாகப் பார்த்து வாங்குங்கள்.